டிஸ்கிரிமினேஷனுக்குத் தமிழில் என்ன சொல்வது? முதல் மெட்டல் டிடெக்டர் கையேட்டுக்காக

லண்டனிலிருந்து

குழுமத்தாருக்கு வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கென்ட்டில் ஒரு விவசாயியின் உழுத வயலுக்கு அழைத்துப் போகிறோம். அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று. முதன்முதலாக மெட்டல் டிடெக்டர் பிடிக்கப்போகிறவர்களுக்கு நாலு பக்கத்தில் தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.

பெரும்பாலும் தானாக வந்துவிட்டது. அடியில் இருக்கும் வட்டத் தட்டு 'சுருள்'. அதைத் தரையை ஒட்டி இடவலமாக மெதுவாகக் கொண்டுபோவது 'வீச்சு'. வீச்சின் முனையில் பிள்ளைகள் ஊஞ்சல்போலத் தட்டைத் தூக்கிவிடுவார்கள். 'தட்டைத் தூக்காதே' என்றே எழுதிவிட்டேன். மண்ணிலுள்ள இரும்புத் தாதுக்கள் போடும் இரைச்சலைக் கருவிக்குப் பழக்கும் கிரவுண்ட் பேலன்ஸுக்கு 'மண்சமன்'. யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

டிஸ்கிரிமினேஷனில்தான் மாட்டிக்கொண்டேன். ஆணி, தகரம் போன்ற வேண்டாத உலோகங்களுக்குக் கருவி சத்தம் போடாதபடி வைக்கும் அமைப்பு அது. அகராதி 'பாகுபாடு' என்கிறது. பிள்ளைகள் படிக்கும் தாளில் 'பாகுபாட்டைக் கூட்டவும்' என்று எழுதக் கை வரவில்லை. 'பிரித்தறிதல்' என்று எழுதி, அதையும் அடித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன். தோட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மனைவியின் மெல்லிய தங்க மோதிரத்தையும், பக்கத்தில் சோடா டின்னைத் திறக்கும் அலுமினிய வளையத்தையும் வைத்துச் சுருளை வீசினேன். மோதிரத்துக்குத் திரையில் என்ன எண் வந்ததோ அதேதான் வளையத்துக்கும் வந்தது. வளையத்துக்குச் சத்தம் வராமல் அமைப்பை ஏற்றினேன். மோதிரமும் ஊமையாகிவிட்டது. 'பிரித்தறிதல்' என்று எழுதினால் கருவிக்கு ஏதோ தெரியும் என்று பிள்ளை நம்பிவிடும்.

மதுரையிலிருந்து

தம்பிக்கு வாழ்த்து. முதலில் அடித்தளத்தைச் சரிசெய்வோம். கையேட்டின் தலைப்பிலேயே 'உலோகம்' என்று போட்டிருப்பீர்கள். அது வடசொல். நமக்கு 'மாழை' இருக்கிறது. கருவியை 'மாழையுணரி' என்று தொடங்கினால் மற்றவை தாமே ஒழுங்குபடும்.

மாழை என்பதற்குப் பொன், உலோகக்கட்டி, மாமரம், இளமை, அழகு, பேதைமை என்று பொருள் விரியும். திருமங்கையாழ்வார் 'ஏழை ஏதலன்' பாசுரத்தில் குகனிடம் இராமன் சீதையை 'மாழை மான் மடநோக்கி' என்று சொல்வதாகப் பாடுவார். உருக்கினால் இளகுவது உலோகம், இளமையும் இளகுவதே. இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

'பாகுபாடு' சொல்லளவில் குற்றமற்றது. 'படு' என்ற முதனிலை நீண்டு 'பாடு' ஆன தொழிற்பெயர், கேடு, பேறு, சூடு போல. ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் சாதிதான் நினைவுக்கு வருகிறது. விட்டுவிடலாம்.

சிங்கப்பூரிலிருந்து

ஐயா, மாழை அழகான சொல். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை 'மழை' என்றுதான் படிக்கும். ஈரமண்ணில் வேலைசெய்யும் கருவி என்று நினைத்துக்கொள்ளும். பள்ளிப் பாடநூலில் உலோகம் என்றே படிக்கிறார்கள், அதையே வைத்துக்கொள்வோம்.

என் யோசனை: கருவியின் மேல் 'டிஸ்க்' என்று சுருக்கித்தான் அச்சடித்திருக்கிறது. பிள்ளையின் கண்ணில் படுவது அதுதான். கையேட்டிலும் 'டிஸ்க் அமைப்பு' என்றே எழுதி, அது என்ன செய்யும் என்று ஒரு வரியில் விளக்குங்கள்.

கோவையிலிருந்து

உள்ளே நடப்பதைச் சொன்னால் சொல் கிடைக்கலாம். தட்டுக்குள் இரண்டு சுருள்கள். எங்கள் ஊர் மோட்டார் பட்டறைக்காரர்களைக் கேட்டால் இரண்டு காயில் என்பார்கள். ஒன்றில் மாறுமின்னோட்டம் நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும். அதன் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி உலோகத்தில் சுழல்மின்னோட்டத்தை எழுப்பும். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் புலம் இரண்டாவது சுருளுக்குச் சற்றுப் பிந்தி வந்து சேரும். எவ்வளவு பிந்துகிறது என்பதைத்தான் திரை எண்ணாகக் காட்டுகிறது. கனமான வெள்ளிக்கும் செம்புக்கும் எண் மேலே போகும். மெல்லிய அலுமினியத் தாளுக்குக் கீழே நிற்கும். பொருளின் பருமன், வடிவம், கிடக்கும் கோணம் எல்லாம் அந்த எண்ணில் கலந்துவிடும். அதனால்தான் மோதிரமும் வளையமும் ஒன்றாகத் தெரிந்தன.

வேண்டாத உலோகம் இந்தக் கருவிக்குப் பிறந்த நாளிலிருந்தே தொல்லை. 1881இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவியைக் கொண்டுபோனார். குண்டு கிடைக்கவில்லை. கட்டில் மெத்தையின் எஃகு ஸ்பிரிங்குகள் குழப்பின. மருத்துவர் வலப்பக்கத்தை மட்டுமே தேடவிட்டார் என்பது இன்னொரு காரணம். இன்றைய அமைப்பு இருந்திருந்தாலும் பெல் எதை அடக்கியிருப்பார்?

'ஒதுக்கல்' என்று முன்மொழிகிறேன். ஒதுங்கு தன்வினை, ஒதுக்கு பிறவினை. 'ஆணியை ஒதுக்கு' என்றால் யாருக்கும் புரியும்.

மதுரையிலிருந்து

'ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தல்' என்பதைக் கோவை நண்பர் மறந்துவிட்டார். பாகுபாட்டை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினோமோ அதே காரணம் இங்கும் நிற்கிறது.

நன்னூலைப் பாருங்கள். அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று மாணாக்கரை உவமிக்கிறது. அன்னம் பாலை எடுத்து நீரை விடும். கடைசியாக வரும் நெய்யரியோ நல்ல நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தம்பியின் கருவி மோதிரத்தை விட்டது நெய்யரியின் வேலை. 'அரித்தல்' நல்ல வினை. அரிசியில் கல் அரிக்கிறோம். நகைப்பட்டறைத் தெரு மண்ணை வாரி அரித்துப் பொன்துகள் எடுப்பவர்கள் இன்றும் உண்டு. ஆகவே 'அரிப்பு'.

என் பேரன் இந்தக் கருவி ஒன்று வாங்கிக்கொண்டு கீழடிப் பக்கம் போகலாமா என்று கேட்கிறான். யாராவது விவரம் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து

போக வேண்டாம் ஐயா. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். தொல்லியல் இடங்களில் தோண்டுவது தனிக் குற்றம். பேரனை ஆய்வாளர்கள் குழி வெட்டுவதைப் பார்க்க அழைத்துப் போங்கள்.

'அரிப்பு' என்றால் தோல் வியாதிதான் நினைவுக்கு வரும். வேண்டாம்.

கிளிநொச்சியிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுமத்தில வாசிக்கிறதோட நிண்டிடுவன். இண்டைக்கு எழுதோணும் போல இருக்கு.

முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றுற வேலையில ஏழு வருசம் இருந்தனான். காலமை உள்ள போக முதல் ஒவ்வொரு நாளும் மெசினைச் சோதிக்கோணும். அளவு தெரிஞ்ச சின்ன உலோகத் துண்டை வைச்சு, சத்தம் ஒழுங்கா வருதோ எண்டு பாத்துத்தான் இறங்குவம். சத்தம் வந்தா அது ஆணியோ, துப்பாக்கி ரவையின்ர வெறுங் கோதோ, முழந்தாளில இருந்து பக்கத்து மண்ணில துவங்கி மெல்ல மெல்லக் கிளறிப் பாக்கோணும். பிளாஸ்டிக் உடம்பு மிதிவெடியில உலோகம் எண்டு இருக்கிறது கொஞ்சூண்டுதான். ஆணியும் அதுவும் மெசினுக்கு ஒண்டுதான். 'இது குப்பை' எண்டு மெசினை விட்டுத் தீர்மானிக்க ஏலாது. நாள் முழுக்கக் கிண்டி ரவைக் கோதும் சோடா மூடியும் மட்டும் எடுத்த நாள் எத்தினையோ.

அதால எனக்குப் படுறது: இந்தச் சொல்லில 'அறி' வரக்கூடாது. 'பிரி'யும் வேண்டாம். மெசின் ஒண்டையும் அறியிறேல்லை. அது வாயை மூடுது. வாயை மூடுறதுக்கு ஒரு சொல்லைத் தாங்கோ.

இன்னொண்டு. லண்டன் தம்பி, கையேட்டில முதல் பக்கத்திலயே எழுதுங்கோ: குண்டு மாதிரி எது தெரிஞ்சாலும் தொடாமல் பின்னுக்கு வந்து பெரியாக்களிட்டச் சொல்லோணும். உங்கட பக்கமும் ஒருகாலத்தில குண்டு விழுந்த மண்தானே.

லண்டனிலிருந்து

அக்கா, அந்த வரியை எழுதிவிட்டேன். முதல் பக்கம், தடித்த எழுத்து. உங்கள் மடலைப் பிள்ளைகளுக்கு வகுப்பில் வாசித்துக் காட்ட அனுமதி தாருங்கள்.

'வாயை மூடுது' என்பதைப் பிடித்துக்கொண்டு 'ஒலியடக்கல்' என்று எழுதிப் பார்த்தேன். 'ஒலியடக்கலைச் சுழியத்தில் வை.' 'ஒலியடக்கலைக் கூட்டினால் ஆணியோடு மோதிரமும் அடங்கும்.' இரண்டு வரியும் உண்மையைச் சொல்கின்றன. பிள்ளைகள் ஒரு பெட்டி நிறைய அலுமினிய வளையம் தோண்டட்டும், பரவாயில்லை. காது பழகுவதற்கு அதுதான் வழி. நீண்டு சீராக, இரண்டு திசையிலிருந்து வீசினாலும் ஒரே மாதிரி வரும் சத்தம் வேறு, ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டு வரும் ஆணியின் சத்தம் வேறு என்று நானும் குப்பை தோண்டித்தான் கற்றுக்கொண்டேன்.

புதையல் பற்றியும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். 1992இல் சஃபோக்கில் ஹொக்ஸன் என்ற ஊரில் ஒருவர் தன் நண்பரான விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போய், ரோமானியர் காலத்துப் பொன், வெள்ளிக் காசுகளைக் கண்டார். எண்ணிப் பார்த்தபோது பதினாலாயிரத்துக்கு மேல். அவர் எல்லாவற்றையும் தோண்டி வாரிவிடவில்லை. உடனே தெரிவித்தார், தொல்லியலாளர் வந்து முறையாகத் தோண்டினார்கள். சுத்தியலும் கிடைத்தது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதையலாக இருக்கக்கூடிய பொருள் கிடைத்தால் பதினாலு நாளுக்குள் அறிவிக்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து

ஒலியடக்கலுக்கு என் ஒப்புதல். ஓரத்தில் கருவியின் படம் போட்டு 'டிஸ்க்' என்ற எழுத்துக்கு ஓர் அம்புக்குறி காட்டிவிடுங்கள்.

கோவையிலிருந்து

ஒப்புதல். ஒதுக்கலைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு சின்னக் குறை: சில கருவிகளில் ஒலி அடங்கினாலும் திரையில் எண் வரும். அப்போது 'ஒலி' என்ற முன்சொல் மிகச் சரியாகப் பொருந்துகிறது என்று இப்போதுதான் தோன்றுகிறது. குறை இல்லை.

மதுரையிலிருந்து

கிளிநொச்சித் தங்கையின் மடலை இரண்டு தடவை படித்தேன். 'அறி' வரக்கூடாது என்பதை ஏற்கிறேன். நாற்பது ஆண்டு இலக்கணம் கற்பித்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் 'அடக்கல்' பற்றி ஒரு சொல். அடக்கம் பணிவு, அடக்கம் உள்ளிருப்பது, இறந்தவரைப் புதைப்பதும் அடக்கமே. ஏற்கெனவே மண்ணில் அடங்கிக் கிடக்கும் பொருளைக் கருவி இன்னொரு தடவை அடக்குகிறது. இந்தப் பொருள்மயக்கம் மாணவனுக்கு இடைஞ்சல் தரும். 'ஒலியவித்தல்' என்று பாருங்கள், விளக்கை அவிப்பதுபோல. பெரும்பான்மை மறுபக்கம் நிற்பதால் அச்சுக்குப் போகட்டும். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். மாழையை நான் விட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

கிளிநொச்சியிலிருந்து

வாசியுங்கோ தம்பி. பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, அவசரப்படாமல் கிண்டச் சொல்லி.

லண்டனிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. 'ஒலியடக்கல்' போகிறது, ஐயாவின் 'ஒலியவித்த'லைச் சொற்பட்டியலில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. தோண்டிய குழிக்குள் விட்டுப் பொருள் சரியாக எங்கே என்று தேடும் முழநீளம்கூட இல்லாத கைக்கோல், பின்பாயிண்டர். 'குழிக்கோல்' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் புதன் இரவுக்குள் எழுதுங்கள்.