நம்ம வீடு – பட்டுக்கோட்டை 🏡

வெள்ளி

கார்த்தி (காலை 9:40): 📷 போட்டோ

கார்த்தி: மாமா இத பாருங்க. கோல்ஃப் மைதானத்துல ஃபேர்வே, அதான் பந்தடிக்கிற நீளப் புல்தரை, மெஷின்ல அறுத்து முடிச்சு திரும்பிப் பாத்தா நடுவுல ஒரு கோடு வெட்டாம நிக்குது. சூப்பர்வைசர் செம கடுப்பு

செந்தில்: துபாய் போயி மாடு மேய்ச்ச எடம் மாதிரி ஆக்கி வச்சிருக்க 😂

தாத்தா: பாலைவனத்தில் ஏதப்பா புல்?

முருகேசன்: அப்பா, அங்க கழிவுநீர சுத்தம் பண்ணி பாய்ச்சுறாங்க. எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் 1988லயே முழுக்க புல்லு போட்டு ஆரம்பிச்சுட்டாங்க

முருகேசன்: மாப்ள, கோடு கடைசி வரைக்கும் நேரா போகுதா, திரும்புற எடத்துல மட்டுமா?

கார்த்தி: நேராதான் மாமா. ஒவ்வொரு சாலுக்கும் அதே எடத்துல

முருகேசன்: அப்ப உன் ஓட்டுல தப்பில்ல. வேகமா வளைச்சா முன் ரீலுக்கும் பின் ரீலுக்கும் (சுத்தி வெட்டுற கத்தி உருள) நடுவுல கொஞ்சம் புல்லு தப்பிச்சிரும், அது வளைவுல மட்டும்தான் தெரியும். நேர் கோடுன்னா ஏதோ ஒரு வெட்டுற யூனிட்ல ரீலோ, அதுக்கு அடியில அசையாம நிக்கிற பெட் நைஃப் கத்தியோ அடிபட்டிருக்கு. கல்லு தட்டியிருக்கும், இல்லன்னா ஸ்பிரிங்ளர் மூடி. எந்த யூனிட்னு பேப்பர் வச்சு பாத்துரலாம்

கார்த்தி: இப்பவே பாக்குறேன்

முருகேசன்: நில்லு நில்லு. கைய கிட்ட கொண்டு போறதுக்கு முன்னாடி ரீல் சுவிட்ச் ஆஃப். யூனிட்ட தரையில இறக்கு. பார்க்கிங் பிரேக். இன்ஜின் ஆஃப். சாவி உன் பாக்கெட்ல. எல்லாம் சுத்தி நிக்கிற வரைக்கும் சீட்ட விட்டு எறங்காத

கார்த்தி: இங்க ஒரு சீனியர் இன்ஜின் ஓடும்போதே ரீல மட்டும் நிறுத்திட்டு மாட்டுன குச்சிய இழுத்துப் போடுறாரு மாமா. சீட்ட விட்டு எந்திரிச்சா ஆஃப் ஆவுதுன்னு சீட் சுவிட்சுக்கும் ஒயர் போட்டு வச்சிருக்காரு

முருகேசன்: அந்த வண்டிய ஓட்டச் சொன்னா முடியாதுன்னு சொல்லு. ஃபோர்மேன்கிட்ட சொல்றதுல வெக்கமே படாத. அந்த சுவிட்ச் ஒண்ணுதான் நீ கீழ விழுந்தா மெஷின நிறுத்தும்

அமுதா: எனக்கு அடிவயிறு கலங்குது. வேற வேல கேக்க முடியாதாடா

கார்த்தி: அம்மா ஒண்ணும் ஆவாது

முருகேசன்: அக்கா பயப்படாத, ஒழுங்கா செஞ்சா ஒண்ணுமில்ல. மாப்ள, தடிமனான கிளவுஸ் போட்டுக்க. பேப்பர நீட்டமா கிழிச்சு ரீலுக்கும் பெட் நைஃபுக்கும் நடுவுல விட்டு, ரீல மெதுவா சுத்து. இந்த ஓரம், நடு, அந்த ஓரம்னு பாரு. சுத்தமா வெட்டணும். மடிஞ்சா, இழுத்து கிழிச்சா அங்கதான் கோளாறு. இன்னொண்ணு, ஒரு ரீல சுத்துனா பக்கத்து ரீலும் சேந்து சுத்தலாம். நீ பாக்கும்போது வேற யாரும் கை வைக்கக் கூடாது

செந்தில்: வெட்டலன்னா நல்லா டைட் வச்சா முடிஞ்சுது. இதுக்கு இவ்ளோ கதையா

முருகேசன்: அங்கதான்டா எல்லாரும் கெடுக்குறது. டைட் வச்சா இரும்போட இரும்பு உரசி சூடாவும், ரெண்டும் தேயும். புல்லு நுனி பிஞ்சு மறுநாள் வெள்ளையா காயும். லேசா தொட்டும் தொடாமலும் நிக்கணும். ரெண்டு பக்க திருகையும் சமமா, கொஞ்சம் கொஞ்சமா. புல்லே இல்லாத எடத்துல, பாதைய கடக்கும்போது ரீல ஓட விடாத, அதுவும் சூடுதான்

கௌசல்யா: இவ்ளோ தெரிஞ்ச மனுஷன் வீட்டு மிக்ஸிய ரெண்டு மாசமா தொடல

செந்தில்: 🤣🤣🤣

செந்தில்: மாமா அதுல சீட் பெல்ட்டெல்லாம் வேற இருக்காமே. நாங்க டிராக்டர்ல என்னைக்கு போட்டோம்

முருகேசன்: நீ சமதரையில உழுகுற. அவன் பங்கர் மணல்குழி ஓரத்துலயும் குளத்தங்கரைலயும் ஓட்டுறான், விடிகாலப் பனியில புல்லு வழுக்கும். சீட்டுக்குப் பின்னாடி இரும்பு வளைவு நிமிந்து நின்னா பெல்ட் கட்டாயம். வண்டி சாஞ்சா பெல்ட்தான் ஆள அந்த வளைவுக்குள்ள வச்சிருக்கும், இல்லன்னா தூக்கி வெளிய போட்டு அவன் மேலயே விழும். சரிவுல யூனிட்ட எறக்கி வச்சே போ மாப்ள, சட்டுனு திருப்பாத

கார்த்தி (காலை 10:25): கண்டுபிடிச்சிட்டேன் மாமா. பின்னாடி இடது பக்கம். பெட் நைஃப்ல நகத்தளவு பள்ளம்

கார்த்தி: பேக்லாப் பண்ணா போயிருமா?

முருகேசன்: போவாது. பேஸ்ட் தடவி ரீல பின்பக்கமா சுத்துறது மழுங்குன மொனைக்குத்தான். பள்ளம் விழுந்தா கிரைண்டிங், இல்லன்னா பெட் நைஃப மாத்தணும். பேக்லாப்ப ஒர்க்‌ஷாப் ஆளு செய்யட்டும், ரீல் ஓடிக்கிட்டே இருக்கும் அப்ப

கார்த்தி: சரி மாமா. கழுவி விட்டுரவா?

முருகேசன்: இன்ஜின் ஆறட்டும். பேரிங்லயும் ஒயர் பக்கமும் பிரஷர் தண்ணி அடிக்காத, தண்ணி உள்ள போயி பேரிங் போயிரும். ரேடியேட்டர் வலைய உள்ளேருந்து வெளிய காத்தடி. அந்த ஊரு வெயிலுக்கு வலையில புல்லு அடைச்சா இன்ஜின் கொதிச்சிரும். கழுவுனதும் கிரீஸ்

முருகேசன்: ஹைட்ராலிக் பைப்ல ஆயில் கசியிற மாதிரி தெரிஞ்சா விரலால தடவிப் பாக்காத. அட்டைய நீட்டிப் பாரு. ஊசி ஓட்டைலேருந்து வர்ற ஆயில் தோலக் குத்தி உள்ள போயிரும். அப்பிடி ஆச்சுன்னா வலி இல்லன்னாலும் உடனே ஆஸ்பத்திரி

தாத்தா: எண்ணெய் பட்ட புல் என்னாகும்?

முருகேசன்: சூடா ஒழுகுனா கோடு போட்ட மாதிரி கருகிரும்பா. வளந்து வர வாரக்கணக்காவும்

கார்த்தி: ஒர்க்‌ஷாப்ல குடுத்துட்டேன். நாளைக்கு வேற மெஷின் தர்றாங்களாம்

முருகேசன்: எடுக்கும்போது ஆயில், டயர், நட்டு போல்ட்டு பாரு. வெட்டுற உயரம் என்ன வச்சிருக்காங்கன்னு கேட்டுக்க

கார்த்தி: 12 மி.மீ தான் மாமா, கேட்டுட்டேன்

கௌசல்யா: மிக்ஸி 😐

முருகேசன்: சாயங்காலம்