பாதியில் விட்ட கேமைப் பற்றித் தீர்ப்பு சொல்லலாமா?

தூசிதட்டி:
பேக்லாக்கில், அதாவது வாங்கி ஆடாமல் குவித்த வீடியோ கேம் பட்டியலில், வருடக்கணக்கில் கிடந்தவற்றில் சிலவற்றை ஒருவழியாக முடித்துவிட்டேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, நியர் ஆட்டோமேட்டா, பயோஷாக். முடித்ததும் தோன்றியது இதுதான்: பாதியில் விட்டவர்கள் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று தாராளமாகச் சொல்லலாம். "நல்ல கேம் இல்லை" என்று சொல்ல உரிமை கிடையாது.

ரெட் டெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பாய்லர்தான், ஆனால் 2018இல் வந்த கேம், இன்னும் எவ்வளவு காலம் மறைப்பது? இரண்டாம் அத்தியாயத்தில் நாயகன் ஆர்தர் கடன் வசூலுக்குப் போய், இருமிக்கொண்டிருக்கும் ஒரு பண்ணைக்காரரை அடிக்கிறான். ஆடும்போது அது இன்னொரு மிஷன், அவ்வளவே. அந்த மனிதரிடமிருந்துதான் ஆர்தருக்குக் காசநோய் தொற்றியது என்பது ஆறாம் அத்தியாயத்தில்தான் விளங்குகிறது. அந்த அடியைக் கொடுத்தது யார்? பட்டனை அழுத்திய நான். மூன்றாம் அத்தியாயத்தில் டிராப் செய்தவருக்குத் தான் என்ன செய்தோம் என்பதே தெரியாது. அவர் எழுதும் விமர்சனத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பாதிவழி:
நீங்கள் சொல்லும் அந்த மூன்றாம் அத்தியாய ஆள் நான்தான். வணக்கம்.

காசநோய் விஷயம் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே போய்ச் சேர அந்த கேம் என்ன விலை கேட்கிறது? தொடக்கம் முழுக்கப் பனியில் குதிரை மெதுவாக நடக்கிறது. அப்புறம் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து, ஒவ்வொரு டப்பாவாக ஆர்தர் கையால் எடுத்துப் பையில் போடுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைசியில் ஒரு நல்ல திருப்பம் இருக்கிறது என்பதற்காக இதெல்லாம் சுவாரசியமாகிவிடுமா? அந்த நேரம் சலித்தது என்பதும் அந்த கேமைப் பற்றிய உண்மைதானே.

அப்புறம் பயோஷாக்கை நீங்களே இழுத்துவிட்டீர்கள். கடலடி நகரத்தின் தலைவன் ஆண்ட்ரூ ரயன், நாம் அதுவரை ஒரு குரலின் கட்டளைக்கே ஆடினோம் என்று போட்டு உடைக்கும் காட்சியோடு எழுந்து போனவனுக்கு, உங்களுக்குக் கிடைத்ததைவிட நல்ல கேம் கிடைத்திருக்கிறது!

தூசிதட்டி:
ரயனுக்குப் பிறகு சரிவுதான், அதில் சந்தேகமே இல்லை. பிக் டாடி என்ற கவச ராட்சதனின் உடையை மாட்டிக்கொண்டு லிட்டில் சிஸ்டர் என்ற சிறுமிக்குக் காவல் போகிற பகுதி வெறும் இழுவை. கடைசி பாஸாக, அதாவது இறுதிப் பெரிய எதிரியாக வரும் ஃபான்டெய்னோ, அதுவரை கட்டிய கதைக்கு ஒட்டவே ஒட்டாத ஒரு சண்டை. ஆனால் இதைச் சொல்ல எனக்கு எப்படி முடிகிறது? கடைசிவரை ஆடியதால்தான். ரயனோடு எழுந்தவன் "அற்புதமான முடிவு" என்று எழுதியிருப்பான். அது பொய்த் தகவல்.

கற்குவியல்:
இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. பேக்லாக் கேம் என்பது வெளியான வாரத்தில் ஆடும் கேம் கிடையாது. 2007இல் பயோஷாக் ஆடியவருக்கு ரயன் காட்சி ஏன் அப்படி உறைத்தது? ஷூட்டர் கேம்களில் காதில் கேட்கும் குரல் "அங்கே போ, இதைச் செய்" என்றால் கேள்வி கேட்காமல் செய்வது பழக்கமாக இருந்தது. அந்தப் பழக்கத்தையே கேம் திருப்பிப் பிடித்தது. இப்போது ஆடுகிறவருக்கு அந்தத் திருப்பம் மீம்களிலேயே தெரிந்திருக்கும். நீங்கள் முடித்தது பயோஷாக்கை. அனுபவித்தது பயோஷாக் பற்றிய பேச்சை.

இன்னொன்று, இடைவெளி விட்டு ஆடுவது. விட்சர் 3இல் சேவ் ஃபைலை லோட் செய்யும்போது அதுவரை நடந்த கதையை ஒரு குரல் சுருக்கமாகச் சொல்லும். அவுட்டர் வைல்ட்ஸில் கப்பல் பதிவேடு எல்லாக் குறிப்புகளையும் கோர்த்து வைத்திருக்கும். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கினாலும் அந்தப் பதிவேடு அழியாது. நாம் விட்டுவிட்டுத் திரும்பி வருவோம் என்று தெரிந்தே செய்த கேம்கள் இவை. பாதியில் நிறுத்துவதைக் குற்றம்போலப் பேச வேண்டியதில்லை.

பாதிவழி:
கற்குவியல் ஜி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பேக்லாக்கை "தீர்க்க" உட்கார்ந்தாலே ஆட்டம் போய்விடுகிறது, வீட்டுப்பாடம் வந்துவிடுகிறது. பட்டியலில் டிக் போடுவதற்காக ஆடுகிறவர்களின் பதிவுகளைப் பாருங்கள், எல்லா கேமுக்கும் ஒரே வரி: "கதை நன்று, சண்டை கொஞ்சம் ரிப்பீட்." இதற்கா இத்தனை மணி நேரம்?

தூசிதட்டி:
அது ஆடுகிறவர் கோளாறு, முடிப்பதன் கோளாறு இல்லை. நியரைப் பாருங்கள். அதில் ஏ, பி, சி என்று பல முடிவுகள். ஏ எண்டிங்கில் கிரெடிட்ஸ் (செய்தவர்கள் பெயர்ப் பட்டியல்) ஓடிவிடும். பி ரூட்டில் பெரும்பாலும் அதே கதையை 9எஸ் என்ற இன்னொரு பாத்திரத்தின் பக்கத்திலிருந்து மறுபடி ஆட வேண்டும், பொறுமை சோதிக்கும்தான். சியில்தான் புதுக் கதை தொடங்குகிறது. ஏயோடு நிறுத்தியவர் அந்த கேமைப் பற்றிச் சொல்வது எதுவும் பாதிதான்.

பாதிவழி:
வாங்க, இதற்காகத்தான் காத்திருந்தேன். அவர் கிரெடிட்ஸ் பார்த்துவிட்டார். உங்கள் கணக்கில் அவர் முடித்தவரா, விட்டவரா?

பெர்சோனா 5 ராயலில் மருக்கி என்ற பாத்திரத்துடனான நட்பை (கான்ஃபிடன்ட்) கேம் நாட்காட்டியில் நவம்பர் 18க்குள் 9ஆம் ரேங்குக்குக் கொண்டுபோகாவிட்டால் மூன்றாம் செமஸ்டர் என்ற கூடுதல் கதையின் கதவே திறக்காது. அது தெரியாமல் ஆடியவரும் கிரெடிட்ஸ் பார்த்து "முடித்தேன்" என்றுதான் எழுதுவார். மெட்டல் கியர் சாலிட் 5இன் இரண்டாம் அத்தியாயத்தில் பாதி, பழைய மிஷன்களையே கடினமாக்கித் திரும்பக் கொடுத்தவை. 51ஆம் எபிசோட் கேமில் வரவே இல்லை, கலெக்டர் எடிஷன் டிஸ்கில் அரைகுறை வீடியோவாக வந்தது. செய்தவர்களே முடிக்காததை நான் எப்படி முடிப்பது?

நூல்கண்டு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். செலஸ்ட் கேமை, ஆட்டத்தை எளிதாக்கும் அசிஸ்ட் மோடில் வேகத்தைக் குறைத்து, ஸ்டாமினாவை எல்லையில்லாமல் வைத்து முடித்தேன். அது கணக்கில் சேருமா?

தூசிதட்டி:
நூல்கண்டு, தாராளமாக. அந்த மோடை வைத்ததே கேம் செய்தவர்கள்தான்.

பாதிவழி, எல்லை எங்கே என்பதில் குழப்பம் இருக்கட்டும். அதற்காக எல்லையே இல்லை என்றாகிவிடாது. குறைந்தபட்சம் எங்கே நிறுத்தினேன் என்று முதல் வரியில் போடுங்கள். "மூன்றாம் அத்தியாயத்தில் விட்டேன், காரணம் இது" என்றால் அந்தப் பதிவை மதித்துப் படிப்பேன். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி, 14 நாளுக்குள் கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதால், அந்த இரண்டு மணி நேரத்தையே முழுத் தீர்ப்பாக எழுதுகிறவர்கள்தான் என்னைக் கடுப்பேற்றுகிறார்கள். பெர்சோனாவில் இரண்டு மணி நேரம் என்றால் இன்னும் பட்டன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்!

பாதிவழி:
போடுகிறேன். பதிலுக்கு நீங்களும் ஒன்று போடுங்கள்: எந்த இடத்தில் நிறுத்தத் தோன்றியும் வீம்புக்காகத் தொடர்ந்தீர்கள் என்று. எனக்கு அதுதான் பயன்படும்.

அதோடு ஒரு கேள்வி. நியரில் இ எண்டிங் வரை போனவர் நீங்கள். முகம் தெரியாத ஒருவருக்கு உதவ உன் சேவ் ஃபைல்கள் முழுவதையும் அழிக்கலாமா என்று கடைசியில் கேட்குமே, அழித்தீர்களா?

தூசிதட்டி:
இல்லை, வைத்துக்கொண்டேன்.

பாதிவழி:
அப்படியென்றால் நீங்களும் விட்டவர்தான்!

தூசிதட்டி:
எப்படி? அழிக்க மாட்டேன் என்று சொன்னாலும் இ எண்டிங் இ எண்டிங்தான். வற்புறுத்தாமல் கேட்டதால்தான் அந்தக் கேள்விக்கு எடை. வீம்புக் கணக்கு கேட்டீர்களே: நியரில் பி ரூட் முழுக்க, பயோஷாக்கில் ரயனுக்குப் பிந்திய எல்லாம். ரெட் டெட்டில் ஓர் இடத்தில்கூட இல்லை. அதனால்தான் மூன்றாம் அத்தியாயக் கதை எனக்கு இன்னும் புரியவில்லை.