வெளிநாட்டில் ஊர் ருசி கிடைத்த கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

காயல்பட்டினத்தான், தோக்கியோ

மாசி, அதாவது சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த கருவாடு, சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். இங்கே நிஷி-கசாய் பக்கம் இந்தியக் கடைகளில் துவரம்பருப்பு, புளி, ஊறுகாய் எல்லாம் இருக்கும். மாசி மட்டும் கேட்டால் முழிப்பார்கள்.

ட்சுகிஜி வெளிச்சந்தையில் வேறு எதற்கோ போயிருந்தேன். ஒரு கடையில் வயதான அம்மா ஒருவர் மரப்பெட்டியின் மேல் கறுப்பாக ஒன்றை வைத்துச் சீவிக்கொண்டிருந்தார். வாடை வந்தது. புகையும் மீனும் கலந்த அதே வாடை. கால் நகரவில்லை. நான் நிற்பதைப் பார்த்துவிட்டு இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிக் காட்டினார், மரத்தை மரத்தில் தட்டிய மாதிரி டங்கென்று சத்தம். அப்புறம் ஒன்றை என் கையில் வைத்தார். முகர்ந்து பார்த்தேன். எங்கள் உம்மா அடுக்களையில் மாசி இடிக்கும் மத்தியான நேரம் அப்படியே வந்து நின்றது.

கட்சுவோபுஷி என்கிறார்கள். அதே சூரை மீன், அதே அவியல், அதே புகை, அதே காயவைப்பு. வாங்கி வந்து இடித்து, சின்ன வெங்காயம், வற்றல் மிளகாய், தேங்காய், புளி சேர்த்துச் சம்பல் போட்டேன். அன்றைக்குச் சோறு இரண்டாவது தடவை வடிக்க வேண்டியதாயிற்று.

வடமராட்சியாள், ஸ்கார்பரோ, கனடா

தம்பி, உங்கள் சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கட்சுவோபுஷியும் மாசியும் ஒன்றென்று எழுதுவதை ஒத்துக்கொள்ள முடியாது. ஜப்பான்காரர் அதில் பூஞ்சை ஏற்றி, வெயிலில் வைத்து, திரும்ப ஏற்றி, மாதக்கணக்கில் எடுப்பார்கள். அது ரசத்துக்குரிய பொருள் மாதிரி, தண்ணீரில் போட்டுச் சாரம் எடுக்கிறதுக்கு. மாலைதீவு மாசியை நாங்கள் கடித்துச் சாப்பிடுகிறோம். கட்டச் சம்பலில் அது பல்லில் பட வேண்டும்.

என்ரை கதை கறித்தூளைப் பற்றினது. இங்கே சரக்கை வறுத்து அரைத்துத் தருகிற கடைகள் இருக்கின்றன. நான் வந்த புதிதில் அது தெரியாமல் பெட்டியில் அடைத்த கறித்தூளோடு இருந்தேன். ஒருநாள் அப்படி ஒரு கடை வாசலில், நல்ல பனிக்காலம், ஒரு அம்மா அரைத்த தூளோடு வெளியே வந்தா. மல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் கறுக்க வறுத்த மணம். நான் அவவின் பையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். ஒரு வார்த்தை கேட்கவில்லை அவ. தன்ரை பையை அவிழ்த்து, இரண்டு கை அள்ளி ஒரு கடதாசிப் பையில் போட்டுத் தந்தா. “சூடு ஆறேல்லை பிள்ளை, வாயைக் கட்டிப்போடாதை, வேர்த்துப் போகும்.” பஸ்ஸில் வாய் திறந்த பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெயர் கேட்கவில்லை. பிறகு அந்தக் கடைக்குப் போகும்போதெல்லாம் தேடுகிறேன், காணவில்லை.

காயல்பட்டினத்தான், தோக்கியோ

அக்கா, பூஞ்சை ஏற்றுவது ஒரு வகை. ஏற்றாமல் புகையோடு நிறுத்துவதும் உண்டு, அராபுஷி என்பார்கள். நான் வாங்கியது அதுதான். சீவாமல் கட்டையாகவே வாங்கி, சுத்தியலால் உடைத்து உரலில் இடித்தால் பல்லிலும் படும். மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும்.

கொங்குநாட்டான், ஆக்லாந்து

மேலே எழுதியவர்கள் எல்லோரும் கடையில் கிடைத்ததைச் சொல்கிறீர்கள். ஊரிலிருந்து கொண்டுவருவதுதான் உண்மையான வழி. ஆனால் முறையாகக் கொண்டுவர வேண்டும். என் அம்மா கொடுத்த பருப்புப் பொடியை விமான நிலையத்தில் ஒரு அதிகாரி திறந்து முகர்ந்துவிட்டு, “பூண்டா?” என்று கேட்டுச் சிரித்துத் திருப்பிக் கொடுத்தார். காரணம், படிவத்தில் உணவுப்பொருள் இருக்கிறது என்று நான் எழுதியிருந்தேன். எழுதாமல் மாட்டினால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். ஆஸ்திரேலியாவிலும் மறைத்தால் தப்ப முடியாது.

இன்னும் சில விஷயங்கள், தெரிந்துகொள்ளுங்கள். ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள். எண்ணெயும் குழம்பும் திரவக் கணக்கில் வரும், பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். துபாய், அபுதாபி போகிறவர்கள் கசகசாவைத் தொடவே தொடாதீர்கள், அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. சிங்கப்பூரிலும் தடை. வீட்டில் அரைத்த குருமா மசாலாவில் கசகசா போட்டிருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு மூட்டை கட்டுங்கள். அமெரிக்கா போகிறவர்கள் பச்சைக் கறிவேப்பிலையை விட்டுவிடுங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற பூச்சி அந்த இலையில் தங்கும். 2005-இல் புளோரிடாவில் அந்த நோய் தலைகாட்டி, தோட்டம் தோட்டமாக அழித்தது. விமான நிலையத்தில் அந்த இலையைப் பிடுங்கி எறிவதில் நியாயம் இருக்கிறது. பெருங்காயத்தை இரண்டு டப்பாவுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் பெட்டியில் உள்ள துணியெல்லாம் மணக்கும். கோதுமை ஆகாதவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும்.

கும்பகோணம் பொண்ணு, எடிசன், அமெரிக்கா

அண்ணா, நல்ல தகவல்கள்தான், ஆனால் இங்கே யாரும் சட்டம் கேட்கவில்லையே. அனுபவத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு மாவடு. மசக்கையில் வேறெதுவும் இறங்கவில்லை. இங்கே ஓக் ட்ரீ ரோடு முழுக்க இந்தியக் கடைகள், பாட்டில் மாவடுவும் இருக்கிறது. திறந்தால் வினிகர் வாடை, வடு ரப்பராக இழுக்கிறது. எதிர் ஃப்ளாட்டில் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மாமி, லிஃப்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னடி வேணும் நோக்கு?” என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்தது. கல்லுப்பும் மிளகாய்ப் பொடியும் கடுகுப் பொடியும் போட்டு, விளக்கெண்ணெய் தடவி ஊறப்போட்டது, தோல் சுருங்கி, காம்போடு. வடு நாலைந்துதான். ஆனால் அந்தத் தண்ணீரைக் கிண்ணம் நிறைய விட்டிருந்தார். தயிர் சாதத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டதை எந்த விருந்தோடும் வைத்துப் பார்க்க மாட்டேன். கண்ணிலும் மூக்கிலும் ஏறுகிற அந்தக் கடுகுக் காரம் பாட்டிலில் வரவே வராது.

தேனிக்காரி, சோல்

நான் எழுத வந்தது நல்லெண்ணெய். இங்கே எள் எண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை, சந்தையில் கண் முன்னால் பிழிந்து தருவார்கள். ஆனால் எள்ளை நன்றாக வறுத்துப் பிழிவதால் கரும்பழுப்பாக, தூக்கலான மணத்தோடு இருக்கும். இட்லிப் பொடியில் குழைத்தால் பொடியின் ருசியே தெரியாது.

எங்கள் தெருச் சந்தையில் எண்ணெய் பிழிகிற தாத்தாவிடம், வறுக்காமல் பிழிந்து கொடுங்கள் என்று கேட்டேன். முடியாது என்றார். எண்ணெய் குறைவாக வரும், மணம் இருக்காது, காசு வீண் என்று எனக்காக வருத்தப்பட்டார். அடுத்த முறை வீட்டிலிருந்து இட்லியும் பொடியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய எண்ணெயை ஊற்றிக் குழைத்து ஒரு வாய் சாப்பிட்டார், யோசித்தார், எள்ளை லேசாகச் சூடு மட்டும் காட்டி எந்திரத்தில் போட்டார். வெளிர் மஞ்சளாக மெதுவாக இறங்கியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, “இன்னும் முடியவில்லையே இது” என்ற மாதிரி என்னைப் பார்த்தார். நான் மிச்சமிருந்த பொடியில் ஊற்றிக் கொடுத்தேன். தலையை ஆட்டினார். இப்போது எனக்கென்று தனியாகப் பிழிந்து வைக்கிறார்.

ஒன்றுதான் குறை. ஊரில் செக்கில் ஆட்டும்போது கருப்பட்டி போடுவார்கள், அந்த லேசான இனிப்பு இதில் இல்லை. கருப்பட்டி என்னிடம் இருக்கிறது. அழுத்திப் பிழிகிற எந்திரத்தில் அதைச் சேர்க்கலாமா, அடைத்துக்கொள்ளுமா? செக்கு வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தாத்தா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.