மறு: 'கிராஸ்-கம்யூனிட்டி கன்சென்ட்' தமிழில்? 'தரப்புவாரி இசைவு' எப்படி?

அன்பின் நண்பர்களுக்கு,

'கிராஸ்-கம்யூனிட்டி கன்சென்ட்' (cross-community consent) என்பதற்குத் தமிழ்ப் பெயராக இதுவரை வந்த பரிந்துரைகளை வட அயர்லாந்து சட்டமன்றத்தில் நடந்த ஒரு வாக்கெடுப்பை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். 2001 நவம்பர் 2. டேவிட் டிரிம்பிளை மீண்டும் முதலமைச்சராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவையில் பத்துக்கு ஏழு பேர் ஆதரவு. அயர்லாந்தோடு சேர விரும்பும் தேசியவாதிகள் யாரும் எதிர்க்கவில்லை. பிரிட்டனோடு இருக்க விரும்பும் ஒன்றியவாதிகளில் 29 பேர் ஆதரவு, 30 பேர் எதிர்ப்பு. அந்த ஒரு வாக்கில் தீர்மானம் தோற்றது. 1998 பெல்ஃபாஸ்ட் அமைதி உடன்படிக்கையின்படி முக்கிய முடிவுகளுக்கு அவையின் மொத்தக் கணக்கு மட்டும் போதாது. ஒவ்வொரு தரப்பையும் தனியே எண்ண வேண்டும், தனியே தேறவும் வேண்டும். நாம் பெயர் தேடுவது இந்த விதிக்குத்தான். என் பரிந்துரை 'தரப்புவாரி இசைவு'.

> 'சிறுபான்மைத் தடுப்புரிமை' என்றே வைக்கலாமே?

அன்று தடுத்தது அவையின் பெரிய தரப்பு. டிரிம்பிளும் அதே தரப்பைச் சேர்ந்தவர். சிறுபான்மையைக் காக்க வந்த விதிதான், ஆனால் கருவி இரு கைகளிலும் இருக்கிறது. 'சிறுபான்மை' என்று பெயரிலேயே போட்டுவிட்டால் படிப்பவர் பாதியைத்தான் புரிந்துகொள்வார்.

> 'சமூகங்களிடை ஒப்புதல்'

இதில் எனக்கு இரண்டு தயக்கங்கள். தமிழ்நாட்டில் 'சமூகம்' என்றதும் சாதிச் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். இலங்கையில் அதே சொல் இனத்தைக் குறிக்கும். அதைவிடப் பெரிய தயக்கம், பெல்ஃபாஸ்டில் உறுப்பினரின் மதத்தையோ பிறப்பையோ யாரும் கேட்பதில்லை. 'தேசியவாதி', 'ஒன்றியவாதி', 'ஏனையோர்' என்று அவரே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறார். டிரிம்பிள் தோற்ற பிறகு 'ஏனையோர்' வரிசையிலிருந்த அலையன்ஸ் கட்சியினர் சிலர் தற்காலிகமாகத் தங்களை ஒன்றியவாதிகள் என்று மாற்றிப் பதிந்தார்கள். நவம்பர் 6 அன்று அவர் தேர்வானார். கையெழுத்தால் மாறக்கூடிய ஒன்றை இனம் என்றோ சமூகம் என்றோ எழுத முடியுமா? 'தரப்பு' அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. அது தனித்தமிழா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஊர்ப் பஞ்சாயத்து முதல் நீதிமன்றம் வரை மக்கள் வாயில் புழங்கும் சொல் அது.

அடுத்தது 'வாரி'. வகுப்புவாரி, மொழிவாரி என்று தமிழ்நாட்டிலும், இனவாரிப் பிரதிநிதித்துவம் என்று இலங்கையிலும் நெடுங்காலமாகப் பழகிய ஈறு. தனித்தனியே பிரித்து எண்ணுவது என்ற பொருள் அதிலேயே வந்துவிடுகிறது. விளக்கம் வேண்டாம்.

இலங்கை நண்பர் ஒருவர், 'வாரி' என்றாலே மொழிவாரித் தரப்படுத்தல்தான் (1970களில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிக்கு மொழி வேறு மதிப்பெண் கேட்ட முறை) ஞாபகம் வருகிறது என்று எழுதியிருந்தார். அந்த வலியை நான் ஒதுக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பிள்ளைகளைப் பிரித்து எண்ணியது அவர்களில் ஒரு பகுதியினரைத் தள்ளிவைப்பதற்கு. இங்கே பிரித்து எண்ணுவது எவரையும் தள்ளிவைக்க முடியாமல் செய்வதற்கு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் 66க்கு 29 என்று நிறைவேறியது. மொத்தக் கணக்கே போதுமாக இருந்தது. இலங்கையின் அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு பாகுபாட்டுச் சட்டங்களைத் தாளில் தடை செய்திருந்தது. ஆனால் வாக்கெடுப்பின்போது தமிழ் உறுப்பினர்களின் வாக்கைத் தனியே எண்ணும் விதி எதுவும் இல்லை. இந்த விதிக்கு நம் மொழியில் தெளிவான பெயர் இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு மன்றாடுவது அதனால்தான்.

'ஒப்புதல்' வேண்டாம் என்பதற்குக் காரணம் எளிது. ஆளுநர் ஒப்புதல், அரசு ஒப்புதல் என்று மேலிருந்து கீழே வருவது அது. சமமாக உட்கார்ந்திருப்பவர்கள் தருவது இசைவு.

சொல் வேறு ஊருக்கும் செல்லுமா என்று பெல்ஜியத்தை வைத்துப் பார்த்தேன். அங்கே மொழி எல்லையை மாற்ற, நாடாளுமன்றத்தில் டச்சு, பிரெஞ்சு மொழிக் குழுக்கள் இரண்டிலும் தனித்தனிப் பெரும்பான்மை வேண்டும், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 'மொழிக்குழுவாரி இசைவு' என்று முன்பகுதியை மாற்றினால் போதும், உட்கார்ந்துவிடுகிறது.

சரி, எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று. வட அயர்லாந்து அவையில் 30 பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டால் எந்தத் தீர்மானத்துக்கும் இந்த விதியைக் கேட்கலாம் என்று 2022 வரை இருந்தது; இப்போது அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. 2015இல் ஒருபாலினத் திருமணத்துக்கு 53க்கு 52 என்று ஆதரவு கிடைத்தும் அப்படித்தான் தடுத்தார்கள். அந்த மனுவை 'ஆட்சேப மனு' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு உண்டா?

அப்புறம், அந்த 'ஏனையோர்'. எந்தப் பக்கமும் சேராததால் அவர்கள் வாக்கு மொத்தத்தில் மட்டும் சேர்கிறது, தரப்புக் கணக்கில் சேர்வதில்லை. பழைய பிளவைத் தாண்டி வந்தவர்களை 'ஏனையோர்' என்று மீதிக் கணக்கு போல எழுத எனக்கு மனம் வரவில்லை. 'தரப்பிலார்' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் தயங்காமல் சொல்லுங்கள்.