புது கிளட்ச், ஏலகிரி ஒன்பதாவது வளைவு

காட்பாடி டீசல்:
கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடல் மிதிச்சா விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் மூணும் புதுசு. மாத்தினப்புறம் ஓடினது 180 கி.மீ.தான். அதுக்குள்ள அஞ்சு பேர், கேரியர்ல லக்கேஜ், மே மாச வெயில், ஏலகிரி. ஒன்பதாவது கொண்டை ஊசியில எதிர்ல பஸ் இறங்குது, பின்னாடி வேன் ஒட்டி நிக்குது. ஹேண்ட் பிரேக் போடாம, ஹாஃப் கிளட்ச்லயே ஒரு நிமிஷத்துக்கு மேல வண்டியைப் பிடிச்சு வெச்சாச்சு. முதல்ல தோல் கருகுற மாதிரி வாடை, அப்புறம் பானெட் ஓரமா லேசா புகை. மிச்ச வளைவெல்லாம் ஒழுங்கா ஏறிடுச்சு. ஆனா இறங்கினதுலேர்ந்து ஃபர்ஸ்ட் கியர்ல எடுக்கும்போது மட்டும் உதறல். இப்ப 600 கி.மீ. ஆச்சு, போகல. "14 வளைவும் ஏறின பிளேட்டுக்கு என்ன கேடு"ங்கிறார் மெக்கானிக்.

சத்துவாச்சாரி லேத்:
ஏறினது பிளேட்டுக்கு நற்சான்று இல்லீங்க. புது பிளேட் முதல் நாள் ஃப்ளைவீல்ல, அதான் இன்ஜினோட சுத்துற சக்கரத்துல, முழுசா உட்காராது, மேடான இடம் மட்டும்தான் தொடும். மொத்தச் சூடும் அந்தக் கொஞ்ச இடத்துல இறங்கும். பிளேட்டோட உரசுற பட்டையில இருக்கிற ரெசின் (பிசின்) மேல வந்து இறுகி, கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிடும். அது ஒரு இடத்துல பிடிக்கும், ஒரு இடத்துல வழுக்கும். அதான் உதறல்.

ஃப்ளைவீலை லேத்ல போட்டு முகத்தைச் சீவினாங்களான்னு முதல்ல கேளுங்க. நீலப் புள்ளி, வரிப்பள்ளம் இருந்தா 0.3லேர்ந்து 0.5 மி.மீ. வரைக்கும் எடுக்கணும், கம்பெனி சொன்ன குறைஞ்சபட்ச தடிமனுக்குக் கீழே போகாம. படி வெச்ச ஃப்ளைவீலா இருந்தா பிளேட் உட்கார்ற முகத்துல எவ்வளவு எடுக்கிறோமோ, கவர், அதான் பிரஷர் பிளேட் இருக்கிற கூடு, உட்கார்ற முகத்துலயும் அவ்வளவே எடுக்கணும். இதை மறந்தா பிரஷர் குறையும், இல்லன்னா கூடும். நடுவுல ஸ்பிரிங் வெச்சு ரெண்டு துண்டா வர்ற டூயல் மாஸ் ஃப்ளைவீல்னா லேத் பக்கமே கொண்டு வராதீங்க.

ராணிப்பேட்டை பைபாஸ்:
600 ஓடிச்சுன்றீங்க, எங்க ஓடிச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல. சென்னைப் பக்கம் பிளேட் மாத்தி, என்.எச். 48லயே போய்ட்டுப் போய்ட்டு வந்த ஒரு வண்டி, மீட்டர்ல 900. வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னல்ல சாயங்காலம் நின்னு நின்னு எடுத்தப்பதான் உதறலே தெரிஞ்சுது. ஹைவேல அஞ்சாவது கியர்ல போனா பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒண்ணாத்தான் சுத்தும், உரசலே கிடையாது. பள்ளிகொண்டா டோல்ல ரெண்டு தடவை மிதிச்சா உண்டு. புது பிளேட் நல்லா உட்கார 500 கி.மீ.ன்னு சொல்றது ஊருக்குள்ள நின்னு நின்னு ஓடுற 500. ஹைவேன்னா 1,000 ஆனாலும் புதுசுதான்.

காட்பாடி டீசல்:
பாதிக்கு மேல ஹைவேதான்.

குடியாத்தம் ஸ்பேனர்:
லேத்காரர் எல்லாத்தையும் சூட்டு மேலயே போடறார். எனக்கு ஒப்புதல் இல்லை. இங்க ஒரு சின்ன வண்டி, மலையே ஏறினதில்லை, மாத்தின அன்னைக்கே உதறல். இறக்கிப் பார்த்தா பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமல் இருக்க கம்பெனி பூசி அனுப்புகிற எண்ணெயைத் துடைக்கவே இல்லை. பிளேட் அதைக் குடித்துவிட்டது. அந்தப் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி எமரி தேய்த்தாலும் பிரயோஜனமில்லை, சூடானால் எண்ணெய் மறுபடி கசியும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் மாட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளைவீல், கவர் இரண்டையும் பிரேக் கிளீனர் அடித்துப் புதுத் துணியால் துடையுங்கள். பழைய வேஸ்ட் துணி வேண்டாம். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் ஈரமாக இருந்தால் அப்போதே மாற்றுங்கள், அந்தச் சீலுக்காக இன்னொரு தடவை கியர்பாக்ஸ் இறக்குவது வீண் லேபர். பிளேட் ஏறும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பல்வரியில் (ஸ்ப்ளைன்) கிரீஸ் பட்டாணி அளவுதான். பிளேட்டை ஷாஃப்டில் நாலு தடவை முன்னே பின்னே ஓட்டி, பிதுங்கியதை வழித்து எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் புடைத்த பக்கம் பெரும்பாலும் கியர்பாக்ஸைப் பார்க்கும், ஆனால் பிளேட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டே மாட்டுங்கள். பிளேட்டை நடுவில் நிறுத்தும் சென்டரிங் டூல் போட்டு, கவர் போல்ட்டைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். ஒரு பக்கமே முடுக்கினால் கவர் கோணிக்கொள்ளும். கியர்பாக்ஸை ஏற்றும்போது ஜாக்கியை எடுத்துவிட்டு அதன் பாரத்தைப் பிளேட் ஹப்பில் தொங்கவிட்டால் ஹப் வளையும். அப்புறம் உதறலும் வரும், ரிவர்ஸ் கியர் கரகரவென்றும் விழும். வண்டி ஓட்டினவர் மேல் பழி போடுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்.

சத்துவாச்சாரி லேத்:
எண்ணெய் பட்டிருந்தா 180 கி.மீ. வரைக்கும் நல்லா ஓடியிருக்காதே அண்ணே. அவர் சொல்றது மலை இறங்கினப்புறம் வந்த உதறல்.

ஆம்பூர் கேபிள்:
கிளட்ச்சுக்குக் கேபிள் வர்ற வண்டியா? புது பிளேட் போட்டுட்டு பழைய அட்ஜஸ்ட்மென்ட்லயே விட்டா ஃப்ரீ பிளே மாறியிருக்கும். பெடல் மேல 10-15 மி.மீ. வெத்தா இறங்கணும், சரியான அளவு மேனுவல்ல இருக்கும். ஃப்ரீ பிளேயே இல்லன்னா ரிலீஸ் பேரிங் எப்பவும் பிரஷர் பிளேட்டோட ஸ்பிரிங் விரல்களை அழுத்திக்கிட்டே இருக்கும், பிளேட் முழுசா பிடிக்காது, மலையில முதல்ல கருகும். பிளேட் தேயத் தேய அந்த இடைவெளி குறையும். அதனால 500ல ஒருக்கா பாருங்க.

இன்னொண்ணு, ஏத்தத்துல நிக்கணும்னா நியூட்ரல், ஹேண்ட் பிரேக். எடுக்கும்போது ஃபர்ஸ்ட் போட்டு, ஆர்.பி.எம். 1,500க்குள்ள வெச்சு, வண்டி மூக்கைத் தூக்கினதும் ஹேண்ட் பிரேக்கை விட்டுட்டு ரெண்டு செகண்ட்ல காலை முழுசா எடுத்துடணும். கால் பெடல் மேல ஓய்வெடுக்கக் கூடாது.

காட்பாடி டீசல்:
போன வாரம் கியர்பாக்ஸ் இறக்கியாச்சு. எண்ணெய்க் கசிவு இல்ல, சீல் காய்ஞ்சுதான் இருக்கு. பிளேட் ரெண்டு பக்கமும் பளபள. ஃப்ளைவீல்ல மூணு நீலப் புள்ளி, பழைய பிளேட்டோட வரிப்பள்ளமும் அப்படியே இருக்கு, லேத்துக்கே போகல. 0.4 எடுத்து, பிளேட்டும் கவரும் திரும்பப் புதுசு போட்டாச்சு. ஒரு வாரமா வேலூருக்குள்ளயே தோட்டப்பாளையம், பாகாயம், திரும்ப தோட்டப்பாளையம்தான். 140 கி.மீ. ஆகுது. காலையில முதல் தடவை எடுக்கும்போது லேசா வாடை வருது, புகை இல்ல.

சத்துவாச்சாரி லேத்:
அந்த வாடை ரெண்டு மூணு நாள்ல போயிடும். போகலன்னா வண்டியைக் கொண்டு வாங்க.