வெளிர் பிங்க் சுவருக்கு எந்த வெள்ளை? யோசனை தேவை

நண்பர்களே, 12க்கு 10 அடி படுக்கையறை. சுவருக்கு வெளிர் பிங்க், மேட் எமல்ஷன் (பளபளப்பில்லாத பெயிண்ட்) என்பது முடிவாகிவிட்டது. சீலிங்கில்தான் சிக்கல்.

அட்டைத் துண்டில் பிங்கை 2 கோட் அடித்து மூலையில் சாய்த்துப் பார்த்தாயிற்று. நிற அட்டையில் இருந்ததைவிட ஒரு படி அடர்த்தியாகத் தெரிகிறது. எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் நிறத்தை இன்னொன்றில் பிரதிபலிப்பதால் சின்ன அறையில் இது சகஜம். அதனால் ஒரு ஷேடு இறக்கியாயிற்று. 2700 கெல்வின் (மஞ்சள் வெளிச்ச) பல்பில் பீச் சாயல், 6500இல் (குளிர் வெள்ளை) லேசான ஊதா, கொஞ்சம் நோயாளி அறை மாதிரி! எனவே பல்பு 3000தான்.

பழைய சுவர் மஞ்சள். பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாமல் அடித்தால் பிங்க் ஆரஞ்சுப் பக்கம் சாயும் என்பதால் வெள்ளை பிரைமர் 1 கோட் உண்டு. 400 சதுர அடிக்கு 2 கோட், சுமார் 7 லிட்டர். டப்பாக்களை ஒரே வாளியில் கலந்துவிட்டுத்தான் அடிப்பது, இல்லாவிட்டால் சுவர் நடுவில் ஷேடு மாறும்.

கேள்வி இதுதான்: நீலம் கலந்த பளிச் வெள்ளை சீலிங்குக்குப் பக்கத்தில் இந்த பிங்க் அழுக்காகத் தெரிகிறது. கிரீம் வெள்ளை போட்டால் மஞ்சளடிக்குமா? அல்லது வெள்ளையிலேயே சுவர் நிறத்தைப் பத்தில் ஒரு பங்கு கலக்கலாமா? செய்து பார்த்தவர்கள் பகல் வெளிச்சத்துப் படத்தோடு சொல்லுங்கள். கதவு செம்பழுப்பு மரம், அதை மாற்ற முடியாது.