கெர்னல் (லினக்ஸின்ர மையப் பகுதி) அப்டேட் போட்டும் பழைய நம்பர்தான் காட்டுது, ஆராவது உதவுங்கோ

மல்லாவி லேப்:
வணக்கம், மல்லாவியில ஒரு கல்வி நிலையத்தில கம்ப்யூட்டர் லேப் பாக்கிறன், எல்லாம் உபுண்டு 22.04, பிள்ளையளுக்குத் தனித்தனி லொகின். கெர்னல்ல ஓவர்லே எஃப்எஸ் (ஒரு ஃபோல்டருக்கு மேல இன்னொண்டை அடுக்கி ஒண்டாக் காட்டிற வசதி) ஓட்டை, பதிவு எண் சிவிஇ-2023-0386, அதால சாதாரண லொகின்ல இருந்தே ரூட் (முழு அதிகாரமுள்ள யூசர்) ஆகலாம் எண்டு வாசிச்சதில இருந்து நிம்மதி இல்லை, ஏனெண்டா பிள்ளையளின்ர மார்க்ஸும் தாய் தேப்பன்ர போன் நம்பருகளும் அதே மெஷின்லதான் கிடக்கு. ஏபிடி-கெட் அப்கிரேட் குடுத்து ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு, ஓடிற கெர்னலின்ர நம்பரைக் காட்டிற யூநேம் -ஆர் போட்டா இன்னும் பழைய 5.15 நம்பர்தான் வருது. ஏன்?

கிளிநொச்சி அண்ணை:
தம்பி, அது ஓடேக்கை "கெப்ட் பேக்" (ஏத்தாமல் நிப்பாட்டினது) எண்டு வந்து கீழ லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக் எண்ட கெர்னல் பாக்கேஜ் நிண்டிருக்கும். ஏபிடி-கெட் அப்கிரேட் புதுப் பாக்கேஜ் ஒண்டும் ஏத்தாது, கெர்னல் ஒவ்வொரு தரமும் புதுப் பாக்கேஜாத்தான் வரும், அதுதான் நிண்டுட்டுது. புதுப் பாக்கேஜையும் ஏத்திற ஏபிடி-கெட் டிஸ்ட்-அப்கிரேட் குடுத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்கோ. பிந்தாதேங்கோ, இதை வச்சு உண்மையாவே தாக்கினம் எண்டு அமெரிக்காவின்ர சைபர் பாதுகாப்பு நிறுவனம் சைசா 2025 ஜூன்ல பட்டியல்ல போட்டிட்டுது.

வவுனியா அக்கா:
என்ன நடக்குதெண்டா, ஒருத்தர் ஃபியூஸால (சாதாரண யூசரே ஃபைல் சிஸ்டம் செய்யிற வசதி) ஒரு ஃபைல் சிஸ்டம் செய்து, அதுக்குள்ள ரூட்டின்ர செட்யூஐடி ஃபைல் (ஆர் ஓட்டினாலும் சொந்தக்காரரின்ர அதிகாரத்தோட ஓடிற ஃபைல்) இருக்கிற மாதிரிக் காட்டுவார், பிறகு தன்ர யூசர் நேம்ஸ்பேஸுக்குள்ள (தனக்கெண்டு பிரிச்ச யூசர் ஐடி வட்டம்) அதுக்கு மேல ஓவர்லேயை மவுண்ட் பண்ணி ஃபைலைத் தொட்டா கெர்னல் அதை மேல் அடுக்குக்கு கொப்பி பண்ணும். அந்த ரூட் ஐடி இந்த நேம்ஸ்பேஸுக்கு உரியதா எண்டு கெர்னல் பாக்கேல்லை, அதால பொய் ஃபைல் டிஸ்க்கில மெய்யான ரூட் ஃபைலா இறங்கிடும். கெர்னல் 5.11இல இருந்து கிடந்தது, 6.2 வரேக்கை அடைச்சவை.

மல்லாவி லேப்:
முதல் மெஷின்ல புது நம்பர் வந்திட்டுது அண்ணை, பெரிய உதவி! மற்றதுகளுக்கு போன் ஹாட்ஸ்பொட் டேட்டா காணாது, என்ன செய்யலாம்?

கிளிநொச்சி அண்ணை:
ஏபிடி-கெட் இறக்கின டெப் (பாக்கேஜ்) ஃபைலுகள் வார் கேஷ் ஏபிடி ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டருக்க அப்பிடியே இருக்கும் (வெறும் ஏபிடி எண்டா ஏத்தி முடிய அழிச்சுப்போடும்). பென்ட்ரைவ்ல எடுத்து மற்ற மெஷின்ல அதே ஃபோல்டருக்க போட்டிட்டு, ஏபிடி-கெட் அப்டேட், பிறகு டிஸ்ட்-அப்கிரேட். பாக்கேஜ் லிஸ்டுக்கு மட்டும் கொஞ்ச டேட்டா போகும்.

வவுனியா அக்கா:
அதோட ஹோம், டெம்ப் ஃபோல்டர் ரெண்டுக்கையும், செட்யூஐடி ஃபைலைத் தேடிற ஃபைண்ட் -பெர்ம் -4000 ஓடிப் பாருங்கோ தம்பி. ரூட்டின்ர செட்யூஐடி ஃபைல் அங்க இருக்க ஒரு தேவையும் இல்லை, ஒண்டு கிடந்தாலும் அந்த மெஷினை நம்பாமல் முழுசா அழிச்சு இன்ஸ்டால் பண்ணுங்கோ.